படத்தில் படிப்பவன் யார்?

படக்கதை என்றதும் முகம் சுளிக்கும் அறிஞர் பலர் உளர். "எழுத்தறியாதவனுக்குப் படம் போதும், எழுத்தறிந்தவனுக்குப் படம் எதற்கு?" என்பது அவர்தம் கேள்வி. ஊன்றுகோல் பிடித்தே நடப்பவன் ஓடப் பழகமாட்டான். படம் பார்த்தே கதை படிப்பவன் நூல் பயிலமாட்டான் என்று உவமையும் கூறுவர். உவமை அழகாகத்தான் இருக்கிறது. அழகாக இருப்பதனாலேயே அது உண்மையாகிவிடுமா? அறிஞர் சொன்னார் என்பதற்காக ஒன்றை ஏற்றுக்கொள்ளும் பழக்கம் நமக்கு இல்லை. ஆகவே ஆராய்ந்து பார்ப்போம்.

வானில் பறக்கும் வீரன், வஞ்சகரைத் துப்பறியும் சூரன், வாள் வீசும் அரசகுமாரன் ஆகியோரைப் பற்றிய படக்கதைகள் எண்ணற்றவை. அவற்றை இங்கே விட்டுவிடுவோம். நாம் எடுத்துக்கொள்வது வேறொரு வகை: சொல்லைப் பற்றியும், நூலைப் பற்றியும், படிப்பைப் பற்றியும் வரையப்படும் படக்கதைகள். நூலைக் கையில் விரித்து வைத்துக்கொண்டு முதற் பக்கத்திலேயே உறங்கிவிடுபவன், வாங்கிய நூலைப் படிக்காமலே அடுக்கி அழகு பார்ப்பவன், ஒரே ஒரு சொல்லுக்காக இரவெல்லாம் தலையைச் சொறியும் எழுத்தாளன் ஆகியோரே இவற்றின் கதைத் தலைவர்கள். சண்டை இல்லை, சாகசம் இல்லை. எனினும், படிப்பவர் இவற்றைக் கத்தரித்துப் பையில் வைத்துக்கொள்கிறார், நூலகச் சுவரில் ஒட்டுகிறார், "இதைப் பார், இது நீயேதான்!" என்று நண்பரிடம் நீட்டுகிறார். ஏன்? அந்த ஏனுக்கு விடை காண முற்பட்டால், ஓர் அறக்கேள்வி நம் எதிரே வந்து நிற்கிறது.

இரண்டு எடுத்துக்காட்டுகள்

அமெரிக்க ஓவியர் சார்லஸ் ஷுல்ட்ஸ், 1950 முதல் 2000 வரை 'பீநட்ஸ்' என்னும் படக்கதையை நாளேடுகளில் வரைந்தார். அதிலே ஸ்னூப்பி என்றொரு நாய். 1965-ஆம் ஆண்டு அந்த நாய் தன் குடிலின் கூரைமேல் தட்டச்சுப் பொறியுடன் ஏறி அமர்ந்தது, எழுத்தாளர் ஆகிவிட்டது! அது எழுதுவதெல்லாம் தேய்ந்துபோன தொடக்க வரி. பதிப்பாளருக்கு அனுப்புகிறது, திரும்பி வருகிறது. மீண்டும் எழுதுகிறது, மீண்டும் திரும்பி வருகிறது. அதே நாய், டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' என்னும் பெருநூலை நாளொன்றுக்கு ஒரு சொல் வீதம் படிக்கவும் முனைகிறது. நாயைப் பார்த்தா நாம் சிரிக்கிறோம்? இல்லை, நம்மைப் பார்த்தே சிரிக்கிறோம். பெரிய நூலைத் தொடங்கிப் பாதியிலே வைத்தவர் நம்முள் எத்தனை பேர்! அனுப்பிய கட்டுரை திரும்பி வந்ததும் அஞ்சல் உறையைத் தம்பிக்குத் தெரியாமல் மறைத்தவர் எத்தனை பேர்!

மற்றொருவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஓவியர் டாம் கால்ட். இலண்டனிலிருந்து வரும் 'கார்டியன்' இதழில் 2005 முதல் நூல்களைப் பற்றியே படம் வரைந்து வருபவர். 'நூலகர்களின் பழிவாங்கல்' என்னும் பொருள்படும் அவரது தொகுப்பு 2022-இல் வெளிவந்தது. ஒரு படத்திலே ஒரு நூல் அடுக்கு, அவ்வளவுதான். அடுக்கிலுள்ள நூல்களுக்கு வெவ்வேறு வண்ணம் தீட்டி, எந்த வண்ணம் எதைக் குறிக்கிறது என்று பட்டியலும் போட்டிருக்கிறார். படித்தவை இவ்வண்ணம், படிக்க எண்ணியவை இவ்வண்ணம், பாதி படித்தவை இவ்வண்ணம், படித்ததாகப் பாசாங்கு செய்பவை இவ்வண்ணம்! அறிவாளி என்று பெயர் பெற்ற எவருடைய வீட்டு அடுக்கையும் அந்தக் கண்ணால் பார்த்துவிட்டால், அதன்பின் அந்த அடுக்கு நம்மை அச்சுறுத்துவதில்லை.

இதுதான் இவ்வகைப் படங்கள் செய்யும் முதற்பணி. படிப்பு என்பது தனிமையில் நடக்கும் செயல். தனிமையில் நடப்பதால், அதில் நேரும் தடுமாற்றமும் தனக்கு மட்டுமே உரியது என்று ஒவ்வொருவரும் எண்ணிக்கொள்கிறார். "எல்லோருக்கும் விளங்குகிறது, எனக்குத்தான் விளங்கவில்லை" என்று வெட்கி நூலை மூடுகிறார். படம் வந்து, "நீ மட்டுமல்ல, எல்லோரும் இப்படித்தான்" என்று காதோடு கூறுகிறது. வெட்கம் சிரிப்பாக மாறுகிறது. மூடிய நூல் மீண்டும் திறக்கிறது.

கோடுகள் எப்படி நம்மைப் பிடிக்கின்றன?

ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே ஒரு வெற்றிடம் உண்டு. முதற் கட்டத்தில் ஒருவன் நூலைத் திறக்கிறான். அடுத்த கட்டத்தில் விளக்கு அணைந்திருக்கிறது, குறட்டை கேட்கிறது. நடுவே நடந்ததை எவரும் வரையவில்லை, எவரும் எழுதவில்லை. அதை நிகழ்த்துபவர் படிப்பவரே. அமெரிக்கப் படக்கதை ஆசிரியர் ஸ்காட் மெக்ளவுட் 1993-இல் படக்கதையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அந்த நூலையும் படக்கதையாகவே எழுதினார்! அதில் அவர் இந்த வெற்றிடத்தைப் பற்றி விரிவாக ஆராய்கிறார். படக்கதையின் உயிர் கட்டங்களில் மட்டும் இல்லை. கட்டங்களுக்கு நடுவே படிப்பவரின் மனம் செய்யும் வேலையிலும் இருக்கிறது என்பது அவர் காட்டும் உண்மை. படம் பார்ப்பவன் சோம்பேறி என்று கூறுவோர் இதைக் கருதிப் பார்க்கட்டும். விட்ட இடத்தை நிரப்புவது சோம்பேறியின் வேலையா?

அவர் காட்டும் இன்னொரு செய்தியும் உண்டு. ஒரு முகத்தை எவ்வளவுக்கெவ்வளவு நுட்பமாக வரைகிறோமோ, அவ்வளவுக்கவ்வளவு அது வேறு எவரோ ஒருவரின் முகமாகிறது. வட்டம், இரண்டு புள்ளி, ஒரு கோடு என்று எளிமையாக வரைந்தால், அது எவருடைய முகமாகவும் இருக்கலாம். அதனால் என் முகமாகவும் ஆகிவிடுகிறது. டாம் கால்டின் மனிதர்களுக்குப் பெரும்பாலும் முகமே இருப்பதில்லை. சிறு உருவம், சில கோடுகள், அவ்வளவே. அந்த வெற்று முகத்தில் படிப்பவர் தம் முகத்தைப் பொருத்திக்கொள்கிறார்.

இக்கலையின் முன்னோடிகளுள் ஒருவர் பள்ளி ஆசான் என்பதை நாம் பெருமையோடு நினைவு கூர்கிறோம். ஜெனீவா நகரில் மாணவர் விடுதிப்பள்ளி நடத்திய ரொடோல்ஃப் தோப்ஃபர், தம் மாணவர்கள் களித்திருக்க, படமும் எழுத்தும் இணைந்த கதைகளை 1820-களிலும் 1830-களிலும் வரைந்தார். அவற்றின் கைப்படியைக் கண்டு மகிழ்ந்தவர் யார் தெரியுமா? முதுமையின் எல்லையில் இருந்த ஜெர்மானியப் பெருங்கவிஞர் கெதே! படக்கதை கண்டு முகம் சுளிப்போர், கெதேயைவிடத் தாம் பெரும் புலவர் என்று எண்ணுகிறார்களோ என்னவோ, நாமறியோம்.

சிரிப்புக்கு வேலி உண்டா?

இதுவரை எல்லாம் இனிமையே. இனிமேல்தான் கேள்வி பிறக்கிறது.

'படிக்காத நூல்கள் அடுக்கில் குவிந்துவிட்டனவே' என்று சிரிக்கிறோம். யார் சிரிக்கிறார்? அடுக்கு உள்ளவர் சிரிக்கிறார். நூல் வாங்கப் பணம் உள்ளவர், படிக்க விளக்கும் ஓய்வும் உள்ளவர் சிரிக்கிறார். அடுக்கே இல்லாத வீட்டில் பிறந்தவனுக்கு அந்தப் படத்தில் சிரிக்க என்ன இருக்கிறது? "எல்லோரும் இப்படித்தான்" என்று படம் கூறுகிறதே, அந்த 'எல்லோரும்' யார் யார்? இணைக்கும் சிரிப்பு, இணைந்தவரைச் சுற்றி ஒரு வேலியும் போட்டுவிடக்கூடும். வேலிக்கு உள்ளே இருப்பவர்க்கு வேலி தெரிவதில்லை. வெளியே நிற்பவனுக்குத் தெரிவதெல்லாம் வேலி ஒன்றே.

இது வெறும் கற்பனை அச்சம் அன்று. அமெரிக்க நாட்டின் அலபாமா மாநிலத்தில் நடந்ததைக் கூறுவோம்.

1940-இல் அங்கே ஓர் ஏழை உழவர் வீட்டில் பிறந்த கறுப்பினச் சிறுவர் ஜான் லூயிஸ். வீட்டில் நூல்கள் மிகச் சில. "படி, குழந்தாய், படி" என்னும் பொருளில் ஊக்கிய ஓர் ஆசிரியையைப் பிற்காலத்தில் அவர் நன்றியோடு நினைவு கூர்ந்தார். ஆசிரியை சொன்னதைக் கேட்டுப் படிக்க முயன்றார். 1956-இல், பதினாறு வயதில், உடன்பிறந்தாரோடும் உறவினரோடும் தம் ஊர்ப் பொது நூலகத்துக்குச் சென்று உறுப்பினர் அட்டை கேட்டார். "இந்த நூலகம் வெள்ளையருக்கு மட்டுமே" என்ற விடைதான் கிடைத்தது. பொது நூலகம் என்று பெயர். பொதுமக்களுள் ஒரு பகுதியினர்க்கு அதன் கதவு அடைப்பு!

நூலகக் கதவை அடைத்த கை, வாக்குச்சாவடியின் கதவையும் அடைத்தது. 'எழுத்தறிவுத் தேர்வு' என்று ஒன்றை வைத்தார்கள். கறுப்பின மக்கள் வாக்காளராகப் பதிவு பெற வந்தால், அரசியல் சட்டத்தின் பகுதியைப் படிக்கச் சொல்வார்கள், விளக்கம் கேட்பார்கள். தேறினாரா இல்லையா என்பது பதிவு அலுவலர் மனம்போல. சவர்க்காரக் கட்டி ஒன்றில் எத்தனை குமிழ்கள் என்று கேட்டுக்கூட விரட்டினார்கள் என்று லூயிஸ் பல மேடைகளில் எடுத்துரைத்தார். முதலில் கற்கவிடாமல் தடுப்பது. பிறகு கல்லாதவன் என்று பழித்து உரிமையைப் பறிப்பது! இந்தத் தந்திரம் அலபாமாவுக்கு மட்டும் உரியதா என்று நாம் கேட்க வேண்டியதில்லை; படிப்பவர் உள்ளமே விடை கூறும். 1965-ஆம் ஆண்டு வந்த வாக்குரிமைச் சட்டத்தால்தான் அத்தேர்வுகள் அங்கே நிறுத்தப்பட்டன.

இந்த வேலியை உடைக்க வந்த கருவிகளுள் ஒன்று படக்கதை என்றால் அறிஞர் நம்புவார்களா? 1957-இன் இறுதியில், 'மார்ட்டின் லூதர் கிங்கும் மான்ட்கோமரி கதையும்' என்னும் படக்கதை ஏடு ஒன்று வெளிவந்தது. பக்கம் 16, விலை 10 சென்ட். பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்த ரோசா பார்க்ஸ் அம்மையாரின் உறுதி, 381 நாட்கள் பேருந்தில் ஏறாமல் நடந்தே சென்ற மக்களின் உரம், அடிக்கு அடி தராமல் அநீதியை எதிர்க்கும் முறை ஆகியவை அனைத்தும் அதிலே படமும் சொல்லுமாக அமைந்தன. அறப்போருக்கு ஆயத்தம் செய்யும் பயிற்சிகளில் அந்த ஏடு கைமாறியது. மாணவப் பருவத்தில் அதைப் படித்தவர்களுள் ஒருவர், அந்த ஜான் லூயிஸ்.

நூலகம் மறுத்த இடத்தில் பத்து சென்ட் ஏடு பாடம் நடத்தியது! 1960-இல் நாஷ்வில் நகர உணவுக் கடைகளில் வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த இருக்கைகளில் அமர்ந்து அறப்போர் நடத்திய மாணவர்களுள் அவர் ஒருவர். 1965 மார்ச் 7 அன்று செல்மா நகரப் பாலத்தில் காவலர் தடியால் மண்டை உடைபட்டவர் அவர். பின்னர் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1998-இல், தம் வரலாற்று நூலோடு அவர் ஊர் திரும்பியபோது, முன்பு மறுத்த அதே நூலகம் அவருக்கு உறுப்பினர் அட்டை வழங்கியது. நாற்பத்திரண்டு ஆண்டுகள்! ஓர் அட்டைக்காக!

தம் வரலாற்றை மீண்டும் கூற முதுமையில் அவர் தேர்ந்துகொண்ட வடிவம் எது? படக்கதை. ஆண்ட்ரூ ஐடின் என்னும் தோழரோடும் நேட் பாவல் என்னும் ஓவியரோடும் சேர்ந்து, 'மார்ச்' என்ற பெயரில் மூன்று நூல்களை 2013 முதல் 2016 வரை வெளியிட்டார். மூன்றாம் நூலுக்கு 2016-இல் அந்நாட்டின் தேசிய நூல் பரிசு கிடைத்தது. பரிசு பெற்ற மேடையில், பதினாறு வயதில் தமக்கு அடைபட்ட நூலகக் கதவை நினைவு கூர்ந்து அவர் நாத்தழுதழுத்தார். 2020-இல் மறைந்தார்.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! டாம் கால்டின் நூலடுக்குப் படத்தைக் கண்டு புன்னகை புரிபவரும் படிப்பைப் பற்றித்தான் எண்ணுகிறார். ஜான் லூயிஸின் கதையைக் கண்டு நெஞ்சு கனப்பவரும் படிப்பைப் பற்றித்தான் எண்ணுகிறார். முன்னதில் படிப்பு ஒரு பழக்கம்; பின்னதில் படிப்பு ஓர் உரிமை. உரிமையாகக் கிடைத்த பிறகே அது பழக்கமாகிறது. பழக்கமான பிறகே அதைப் பற்றிச் சிரிக்க முடிகிறது. ஆகவே, அந்தச் சிரிப்பை நாம் பழிக்கவில்லை. அந்தச் சிரிப்பு எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்கிறோம்.

வெற்று முகம் உண்மையில் வெற்றா?

எளிய முகம் எவருடைய முகமாகவும் இருக்கலாம் என்றோமே, அதை இன்னும் சற்று ஆழமாகச் சோதிப்போம். முகம் காட்டாத ஓர் உருவத்துக்கு நாம் எந்த முகத்தைப் பொருத்துகிறோம்? பழகிய முகத்தை. பழக்கம் எந்த முகத்தைக் கற்பித்ததோ, அந்த முகத்தை.

இதை நெற்றியில் அடித்தாற்போலக் காட்டிய படக்கதை ஒன்று உண்டு. 1953-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. பெயர் 'தீர்ப்பு நாள்'. எழுதியவர் ஆல் ஃபெல்ட்ஸ்டீன்; வரைந்தவர் ஜோ ஒர்லாண்டோ. எந்திர மனிதர்கள் வாழும் கோளுக்கு, பூவுலகிலிருந்து ஓர் ஆய்வாளர் செல்கிறார். விண்வெளி உடை, முகத்தை மறைக்கும் தலைக்கவசம். அந்தக் கோளில் ஆரஞ்சு நிற எந்திரங்களுக்கு ஒரு நீதி. நீல நிற எந்திரங்களுக்கு வேறொரு நீதி. உள்ளே இருக்கும் உறுப்புகள் எல்லாம் ஒன்றே; மேலுறையின் நிறம் மட்டுமே வேறு. "நீங்கள் இன்னும் தகுதி பெறவில்லை" என்று தீர்ப்பளித்துவிட்டு ஆய்வாளர் புறப்படுகிறார். கடைசிக் கட்டத்தில் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார். அவர் ஒரு கறுப்பின மனிதர். அந்தக் கட்டத்தில் பேச்சு இல்லை, தேவையும் இல்லை. கதை முழுவதும் கவசத்துக்குள் வெள்ளை முகத்தைப் பொருத்தி வைத்துப் படித்தவரின் மனமே அங்கே கையும் களவுமாகப் பிடிபடுகிறது!

1956-இல் இக்கதையை மறுபடி அச்சிட முயன்றபோது, படக்கதைத் தணிக்கை அமைப்பின் தலைவர், அந்த மனிதர் கறுப்பராக இருக்கக்கூடாது என்றார். நிறத்தை மாற்றினால் கதையே இல்லையே என்று பதிப்பாளர் மாற்ற மறுத்தார். கதை மாறாமலே வெளிவந்தது. அத்தணிக்கை அமைப்பு 1954-இல் பதிப்பாளர்களே கூடி ஏற்படுத்திக்கொண்டது. அதன் விதிகள் சிலவற்றைக் கேளுங்கள். காவலர், நீதிபதி, அரசு அலுவலர், மதிப்புக்குரிய நிறுவனங்கள் ஆகியோரின் மதிப்பைக் குலைக்கும் வண்ணம் எதையும் காட்டக்கூடாது. கொச்சை மொழி மிகக்கூடாது. இயன்றவரை நல்ல இலக்கணம் கையாளப்பட வேண்டும். இலக்கணத்தின்மேல் அவர்களுக்கு எத்துணைக் காதல்! காவலர் தடி எவர் மண்டையை உடைத்தாலும் சரி, வாக்கியத்தில் பிழை இருக்கலாகாது!

இத்தணிக்கைக்குத் தூண்டுகோலாக இருந்தவர்களுள் முதல்வர் மனநல மருத்துவர் ஃப்ரெட்ரிக் வெர்த்தம். கொடியவர் அல்லர் அவர். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 1946-இல் ஏழைக் கறுப்பின மக்களுக்காக மனநல மருத்துவ நிலையம் தொடங்கியவர். பள்ளிகளில் நிறப்பிரிவினை குழந்தை உள்ளத்தைச் சிதைக்கிறது என்று நீதிமன்றத்தில் சான்று கூறியவர். அத்தகைய நல்லவர்தாம், இளைஞர் கெடுவதற்குப் படக்கதையே காரணம் என்று 1954-இல் நூல் எழுதினார். அவருடைய ஆவணங்களை ஆராய்ந்த கேரல் டில்லி என்னும் அறிஞர், அந்நூலின் சான்றுகள் பல திரிக்கப்பட்டவை என்று 2012-இல் நிறுவினார். நூல் வரும் முன்பே, 1948-இல், மேற்கு வர்ஜீனியாவின் ஸ்பென்சர் என்னும் ஊரில் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டே படக்கதை ஏடுகளைக் குவித்துத் தீ மூட்டினார்கள். ஏட்டைக் கொளுத்தும் கை, பிள்ளைகளின் நன்மைக்காகவே கொளுத்துகிறேன் என்றுதான் எப்போதும் சொல்லும். நல்லெண்ணம் இருந்தால் போதாது. சான்றும் வேண்டும் என்பதற்கு இதனினும் பெரிய பாடம் வேறில்லை.

ஓர் ஆசிரியை எழுதிய மடல்

மீண்டும் 'பீநட்ஸ்' கதைக்கு வருவோம். வகுப்பறை உண்டு, நூல் உண்டு, கட்டுரை எழுதத் தவிக்கும் பிள்ளைகள் உண்டு. ஆனால், 1968 வரை அந்தப் பிள்ளைகளுள் ஒரு கறுப்பினப் பிள்ளைகூட இல்லை. அந்த ஆண்டு ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். பதினொரு நாட்கள் கழித்து, கலிபோர்னியாவில் ஆசிரியையாகப் பணியாற்றியிருந்த ஹாரியட் கிளிக்மன் என்னும் வெள்ளை இனப் பெண்மணி, ஓவியர் ஷுல்ட்ஸுக்கு மடல் எழுதினார். உங்கள் பிள்ளைகளின் கூட்டத்தில் கறுப்பினப் பிள்ளை ஒருவரையும் சேர்க்கலாகாதா என்பது அவர் வேண்டுகோள். பரிவு காட்டுவதாகக் கறுப்பின மக்கள் கருதிவிடுவார்களோ என்று ஓவியர் தயங்கினார். அம்மையார் விடவில்லை, கறுப்பின நண்பர்களின் கருத்தையும் கேட்டு அனுப்பினார். 1968 சூலை 31 அன்று ஃப்ராங்க்ளின் என்னும் சிறுவன் கதைக்குள் நடந்து வந்தான்.

பிறகு அவன் வெள்ளை இனச் சிறுமியோடு ஒரே வகுப்பறையில் அமர்ந்தான். அப்போது தென்பகுதி இதழாசிரியர் ஒருவர், கறுப்பினப் பிள்ளை இருப்பதில் மறுப்பில்லை, அவர்களை ஒரே பள்ளியில் காட்டாதீர்கள் என்று எழுதியதாக ஷுல்ட்ஸ் நினைவு கூர்ந்திருக்கிறார். பார்த்தீர்களா? கடற்கரையில் விளையாடட்டும், பொறுத்துக்கொள்கிறோம். பள்ளி இருக்கையில் நூலோடு அமர்வதா? அங்கேதான் நெஞ்சு குறுகுறுக்கிறது! ஆதிக்கக்காரனுக்குத் தெரிந்திருக்கிறது, நூலோடு அமர்ந்த பிள்ளையே ஆபத்து என்று. அவனுக்குத் தெரிந்த அளவு நமக்குத் தெரிய வேண்டாமா?

சொல்லுக்கும் உருவம் உண்டு

சொல்லின் அறத்தையே படமாக்கிக் காட்டிய நூல் ஒன்று நம் நாட்டிலும் உண்டு. டாக்டர் அம்பேத்கரின் வாழ்வில் தீண்டாமை தந்த துன்பங்களைக் கூறும் 'பீமாயணா', 2011-இல் தில்லியில் வெளிவந்தது. கதைப் பகுதியை அமைத்தவர்கள் ஸ்ரீவித்யா நடராஜனும் எஸ். ஆனந்தும். வரைந்தவர்கள் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்னும் இணையர். மத்தியப் பிரதேசத்துக் கோண்டு பழங்குடி ஓவிய மரபினர். மாந்தரைக் கட்டங்களுக்குள் அடைக்கமாட்டோம், அடைத்தால் மூச்சு முட்டும் என்று அவர்கள் கூறிவிட்டார்கள். அந்நூலின் பக்கங்களில் கட்டம் இல்லை. கோலம் போன்ற வளைகோடுகளே காட்சியைப் பிரிக்கின்றன.

அதனினும் வியப்பு, அவர்கள் சொல்லுக்குத் தந்த உருவம். பறவை வடிவப் பேச்சுக் குமிழில் வருபவை துன்புறுத்தாத மென்மொழிகள். சாதி நஞ்சு கக்கும் சொற்கள் வரும் குமிழுக்குத் தேளின் கொடுக்கே வால். மனத்துக்குள் எண்ணுபவற்றுக்கு அடையாளமாக ஒரு கண். பள்ளியிலே தண்ணீர் கேட்ட சிறுவனை நோக்கி வரும் ஒவ்வொரு வசையும் கொடுக்கோடு வருகிறது. எழுத்தறியாதவரும் அந்தப் பக்கத்தைப் பார்த்த அளவில், எது கொட்டும் சொல், எது கொட்டாத சொல் என்று அறிந்துகொள்வார். சொல் வெறும் ஒலியன்று, அது செயல் என்று தத்துவ நூலார் பக்கம் பக்கமாக எழுதுவதை, ஒரு தேள்கொடுக்கு ஒரே நொடியில் உணர்த்திவிடுகிறது! இதையா அறிஞர் ஊன்றுகோல் என்கிறார்? இது கண்ணாடி, சொல்லின் உள்ளே இருப்பதைக் காட்டும் கண்ணாடி.

இனி நாம் செய்ய வேண்டுவது

ஆகவே, நம் கருத்தைத் திரட்டிக் கூறுகிறோம். சொல்லையும் படிப்பையும் பற்றிய படக்கதை படிப்பவரைக் கவர்வதற்குக் காரணம், படிப்பவர் அதிலே தம்மையே காண்பதுதான். அந்தக் காரணத்தினாலேயே அதன்மேல் ஒரு கடமையும் விழுகிறது. தம்மைக் காணும் அந்த வாய்ப்பு எவருக்குக் கிடைக்கிறது, எவருக்கு மறுக்கப்படுகிறது என்பதை வரைபவர் எண்ண வேண்டும். படிப்பவரும் எண்ண வேண்டும். வெற்று முகம் என்று சொல்லித் தப்ப இயலாது. வரையாமல் விட்ட முகத்தில் பழக்கம் தானே வந்து அமர்ந்துகொள்ளும். பழக்கம் என்பது பெரும்பாலும் வலியவன் எழுதி வைத்த விதி.

எல்லாப் படமும் போர்ப்படமாக இருக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. எந்நேரமும் அறம் போதிக்கும் படத்தை எந்தப் பிள்ளையும் இரண்டாம் முறை திறக்காது. அவனுக்குச் சிரிப்பும் வேண்டும். நூலைத் தூக்கிக்கொண்டு கூரையேறும் நாயும் வேண்டும். நாம் வேண்டுவதெல்லாம், ஒரு படத்தைக் கையில் எடுக்கும்போது மூன்று கேள்விகள். இதிலே நூலோடு அமர்ந்திருப்பவர் யார்? இதிலே சிரிப்பு எவர்மேல் விழுகிறது, படிக்கத் தடுமாறும் எளியவன்மேலா, படித்ததாகப் பாசாங்கு செய்யும் பெரியவன்மேலா? பார்த்து முடித்தபின் கை எதை நாடுகிறது, அடுத்த நூலையா, வெறும் தற்பெருமையையா?

பள்ளியில் பணிபுரியும் நமக்கு இவை ஏட்டளவில் நிற்கும் கேள்விகள் அல்ல. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறும் பிள்ளை கடைசி இருக்கையில் அமர்ந்திருக்கிறான். உரக்கப் படி என்றால் நா எழுவதில்லை. பாடநூலுக்குள் மறைத்து வைத்த படக்கதையை மட்டும் அவன் கண் விடாமல் மேய்கிறது. அதைப் பிடுங்கிக் கிழிப்பது எளிது. அவன் அதிலே எதைப் படித்தான் என்று கேட்பது சற்று அரிது. அரிதானதைச் செய்வோம். குமிழுக்குள் இருக்கும் சொல்லை அவனைக்கொண்டே படிக்கச் செய்வோம். பிறகு, குமிழை வெறுமையாக விட்டு, "இவன் என்ன சொல்வான், நீயே எழுது" என்று எழுதுகோலை அவன் கையில் கொடுப்போம். தன் சொல்லைத் தானே எழுதிப் பார்த்தவனிடம், எழுத்து உனக்கு உரியதன்று என்று நாளை எவனும் சொல்லித் தப்ப முடியாது.

இளைஞர்களே! உங்கள் ஊர்ப் படிப்பகத்தின் மேசையில் நாளிதழும் கொள்கை நூலும் இருக்கட்டும். அவற்றின் அருகே நல்ல படக்கதையும் இருக்கட்டும். வாயிலில் தயங்கி நிற்கும் சிறுவனின் கண் முதலில் அதன்மேல்தான் விழும். உள்ளே வரட்டும், அமரட்டும், சிரிக்கட்டும். அவன் சிரிப்பொலி கேட்டு, "இது படிக்கும் இடமா, விளையாடும் இடமா?" என்று எவரேனும் கேட்டால், "அலபாமாவில் ஒரு நூலகம் பதினாறு வயதுச் சிறுவனை வாயிலிலேயே திருப்பி அனுப்பியது, எங்கள் படிப்பகம் அனுப்பாது" என்று விடை கூறுங்கள்.